தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்: வாக்குத்தத்தத்தை நம்பி வாழ்ந்த ஜீவியம்

மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு, காலத்துக்கும் சந்தர்ப்பத்துக்கும் கட்டுப்பட்டது. நல்லோராயினும், சொன்னதை நிறைவேற்றக் கையிற் பொருள் இல்லாதபோது கைவிரிக்க நேரிடும். பொருள் இருந்தும் ஆயுள் முடிந்துபோகக்கூடும். ஆதலின் அறிவுடையோர் வாக்கை மாத்திரம் பாராமல், வாக்களித்தவர் யாவர், அதை நிறைவேற்றும் ஆற்றலும் மனமும் அவர்க்கு உண்டோ என்றும் ஆராய்வர். கடைவீதியிற் கைமாற்றுக் கொடுப்பவரும் இதையே செய்கின்றனர். கிறிஸ்து மார்க்கத்தார் விசுவாசம் என்று வழங்குவதும் இவ்வாராய்ச்சியின் முடிவேயாம். வாக்களித்த கடவுள் உண்மையுள்ளவர் என்று தெளிந்து, வாக்குத்தத்தம் கைக்கு எட்டுமுன்னரே அதன்மேற் காலூன்றி நிற்றலே அது.

நாங்குநேரிப் பக்கத்து உழவர்க்கு இஃது எளிதில் விளங்கும். குளம் வறண்டு கிடக்கும்போதே அவர் வரப்பைச் சீர்திருத்துகின்றார்; ஐப்பசி மழை வானில் தோன்றாமுன்னரே விதைநெல்லை எடுத்து வைக்கின்றார். மழை வருமென்று நம்புகின்றவர் வீட்டிற் படுத்துறங்குவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்படுகின்றார். இவ்விதமான நம்பிக்கையை ஏறக்குறைய ஐம்பதாண்டுகளாக இதே தாலுகாவில் நடத்திக் காட்டிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம். அவர் தோனாவூரில் வாழ்ந்து மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1867ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள், அயர்லாந்து தேசத்தின் வடபாகத்திலே, மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் டேவிட் கார்மைக்கேல் மாவு ஆலை நடத்திய குடும்பத்தினர். தாயார் பெயர் காதரின். பிள்ளைகள் எழுவருள் ஏமியே மூத்தவர்.

அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிய ஒரு செய்தி நாம் கூற வந்த பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. தாயாரின் நீலக் கண்களைக் கண்டு ஆசைகொண்ட குழந்தை, தன் பழுப்புக் கண்களையும் நீலமாக்கும்படி ஓர் இரவு கடவுளை வேண்டிக்கொண்டு, கிடைக்கும் என்ற பூரண நம்பிக்கையுடன் உறங்கிற்று. காலையில் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்தபோது பழுப்புக் கண்களே இருந்தன. இல்லை என்பதும் ஒரு மறுமொழிதான் என்று அன்று கற்ற பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் நம் நாட்டில் புடைவை உடுத்தி, தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு, வெள்ளைக்காரர் நுழையலாகாத இடங்களுக்குச் சென்றபோது, அப்பழுப்புக் கண்களே அவருக்குத் துணை நின்றன என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

பதினெட்டாம் வயதில், 1885இல், தந்தையாரை இழந்தார். குடும்பத்தின் செல்வமும் குன்றிற்று. எனினும் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை ஒன்று கூட்டி வேதம் கற்பிக்கலானார். தொப்பி வாங்க வகையின்றிச் சால்வையால் தலையை மூடிவந்த அப்பெண்களை ஆலயத்துக் கனவான்கள் சிலர் விரும்பவில்லை. நாளடைவில் கூட்டம் பெருகவே, தகரத்தால் அமைந்த ஒரு மண்டபம் வேண்டியதாயிற்று. அதன் விலை 500 பவுன். இவரிடமோ பணமில்லை. ஒருவரையும் யாசிக்காமல் கடவுளிடம் மட்டுமே கேட்பதென்று தீர்மானித்தார். பொருளை ஓர் அம்மையார் உதவினார். ஆலை முதலாளி ஒருவர் நிலத்தை விட்டுக்கொடுத்தார். 1889இல் மண்டபம் திறக்கப்பட்டது. அதுமுதல் அவருடைய பண விஷயத்துக்கு அதுவே ஒழுங்காய் நின்றது.

இந்நாட்டுக்கு வந்தது

சீனாவுக்குப் போகவேண்டுமென்று எண்ணினார். உடல்நிலை போதாதென்று வைத்தியர் தடுத்தனர். 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். பதினைந்து மாதங்களுக்குள் நோய் அவரை அங்கிருந்தும் துரத்திற்று. சிறிது காலம் இலங்கையிலிருந்து, தாய்நாட்டுக்கு மீண்டார். மூன்று கதவுகள் அடைபட்ட பின்னர், 1895 நவம்பரில், ஜெனானா மிஷனெரி சங்கத்தின் சார்பாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 27. அதன்பின் அவர் தம் தாய்நாட்டைக் கண்ணாற் காணவேயில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருநாளும் விடுமுறைக்குக் கப்பலேறாது இங்கேயே வாழ்ந்தார்.

1896 டிசம்பரில், தமிழ் கற்கும் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். இங்கே நெடுநாள் ஊழியம் செய்துவந்த தாமஸ் வாக்கர் ஐயர் அவருக்கு ஆசானும் மூத்த சகோதரருமாயினார். பண்ணைவிளையைத் தலைமையிடமாகக் கொண்டு, பொன்னம்மாள் முதலிய தமிழ் மாதர் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். இவர்களை ஜனங்கள் நட்சத்திரக் கூட்டத்தார் என்று அழைத்தனர். பொன்னம்மாள் தம் நகைகளைத் தாமே கழற்றி வைத்தபோது ஊரில் உண்டான பரபரப்பை அக்காலத்தோர் அறிவர். நகையில்லாப் பெண்ணை அமங்கலமாக எண்ணிய நாட்டில் அது சிறு செயலன்று.

குழந்தைகள் வந்த வழி

1901 மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளையில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மையாரை நாடி வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும்பொருட்டு வளர்க்கப்பட்ட இடத்திலிருந்து தப்பி வந்தவள். அதற்கு முன்னரும் ஒருமுறை அவள் தாயாரிடம் ஓடிப்போய், திருப்பிக் கொண்டுவரப்பட்டவள்; அக்குற்றத்துக்காக அவள் கைகளில் சூடு போடப்பட்டிருந்தது. அவள் வாய்மொழியாக அம்மையார் கேட்ட செய்திகள் அவர் ஜீவியத்தின் திசையை மாற்றிவிட்டன. அதுவரை ஊர் சுற்றிப் பிரசங்கித்தவர், அன்றுமுதல் தாயானார்.

அவ்வாண்டிலேயே அக்கூட்டத்தார் தோனாவூரில் தங்கலாயினர். அவ்வூர் நாங்குநேரிக்குத் தென்மேற்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, திருக்குறுங்குடிக்கு அண்மையில் உள்ளது. ரேனியஸ் ஐயர் காலத்திலே பிரஷ்ய தேசத்துத் தோனா பிரபுவின் கொடையால் ஏற்பட்டமையின், அவர் பெயரே ஊருக்கும் ஆயிற்று. மண்சுவர்களும் ஓலைக்கூரையும் உள்ள அவ்விடத்தில் 1904ஆம் ஆண்டு நடுவில் 17 குழந்தைகள் இருந்தனர். 1913இல் ஏறக்குறைய 140 பேர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

குழந்தைகள் அவரை அம்மா என்றும் அம்மை என்றும் அழைத்தனர். உடன் உழைத்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பிறந்தநாள் தெரியாத குழந்தைகளாதலின், ஒவ்வொருவரும் அவ்வீட்டுக்கு வந்த நாளே திருநாளாகக் கொண்டாடப்பட்டது. இன்ன சாதியில் பிறந்தோம் என்று எவரும் கேளாமல் ஒரே பந்தியில் உண்டனர். சிலருடைய பொருட்டு நியாயஸ்தலங்களில் வழக்குகளும் எழுந்தன. குழந்தைகளைக் கவர்ந்தவர் என்னும் பழிச்சொல்லும் வந்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் தடுத்தது 1947ஆம் ஆண்டிலேதான். அச்சட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பட்ட பாட்டை நம் வாசகர் அறிவர். அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முன்னரே, அச்சட்டத்தின் துணை இல்லாத நாளில், ஒரு குழந்தைக்குக் கதவைத் திறந்த வீடு இது.

கேளாமற் பெற்ற பொருள்

குடும்பம் பெருகப் பெருகச் செலவும் பெருகிற்று. அரிசி, பால், துணி, மருந்து, கட்டடம் யாவுக்கும் பணம் வேண்டும். அம்மையாரோ சில ஒழுங்குகளை மாறாமற் காத்தார். பணத்துக்காக விண்ணப்பம் வெளியிடுவதில்லை, கடன் வாங்குவதில்லை, இன்ன தொகை குறைகின்றது என்று மனிதருக்குத் தெரிவிப்பதில்லை, உடன் ஊழியர்க்குச் சம்பளம் இல்லை. தேவை கடவுளுக்கு மட்டும் சொல்லப்படும். வந்த தொகை கணக்கிலே சரியாக எழுதப்படும்.

இவ்வழி அவர் தாமே கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லர் ஐயர் அநாதைப் பிள்ளைகளை இவ்விதமே காத்து 1898இல் காலமானார். நம் சீமையிலேயே உக்கிரன்கோட்டையிற் பிறந்து, ரேனியஸ் ஐயரிடம் கல்வி கற்ற அருளப்பனார், மிஷன் சம்பளத்தை வேண்டாது, 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தி, 1867இல் மறையும்வரை அங்ஙனமே வாழ்ந்தார். அவர் மறைந்த ஆண்டிலேயே அம்மையார் பிறந்தனர் என்பது நினைவுகூரத்தக்கது.

முதலாம் மகாயுத்தத்தின் முடிவிலே தோனாவூருக்கு ஒரு சோதனை வந்தது. யுத்தத்துக்கு முன்னர் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைத்தது. 1920ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ அது 10 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. கடல்கடந்து வரும் காணிக்கை பவுனிலே குறையாமலிருந்தாலும், இங்கே ரூபாயாக மாறும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் மறைந்துபோகும். அரிசி விலையோ ஏறியிருந்தது. இத்தகைய காலத்தில் விவேகமுள்ள எந்த நிர்வாகியும் புதிய குழந்தைகளை நிறுத்திவைத்திருப்பார். அம்மையார் நிறுத்தவில்லை; அடுப்பும் அணையவில்லை; கடனும் ஏறவில்லை. அக்கணக்குகளின் கதையையே 1922இல் ஒரு சிறு நூலாக எழுதினார்.

1925க்குப் பின்னர் அவர் ஜெனானா சங்கத்தினின்றும் பிரிந்தார். 1927இல் தோனாவூர் ஐக்கியம் தனியே பதிவு செய்யப்பட்டது. பெரிய சங்கத்தின் நிழலும் போயிற்று. அக்காலத்தில் ஒரு மருத்துவமனையும் வேண்டியிருந்தது. ஒரு ஜெப வீடும் வேண்டியிருந்தது. நோயாளிகளைப் பார்த்தால் மருத்துவமனையே முந்தவேண்டும் என்று எவரும் சொல்லுவர். ஆனால் கடவுளின் வீட்டை முதலிற் கட்டினால் தம் தேவையை அவர் பார்த்துக்கொள்வார் என்று துணிந்து, 1927இல் ஜெப வீட்டைக் கட்டி முடித்தனர். மருத்துவமனை அதன் பின்னர் எழுந்தது. பரம சுக சாலை என்று அதற்குப் பெயரிட்டனர்.

ஓர் ஆட்சேபம்

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: அம்மையார் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினாரே, அவற்றைப் படித்த மேல்நாட்டார்தாமே பணம் அனுப்பினர்? இது யாசகம் அல்லவோ? கேள்வி நியாயமானது. அவர் நூல்கள் பலரை நெகிழச் செய்தன என்பதையும், இங்கிலாந்தில் கெஸ்விக் கூட்டத்தாரின் ஆதரவு அவர்க்கு முதல்முதல் இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, அவர் 1903இல் வெளியிட்ட நூல், மிஷன் வேலையின் தோல்விகளையும் ஏமாற்றங்களையும் உள்ளவாறே கூறியமையால், அதை அச்சிடவே முதலில் தயங்கினர். பணம் திரட்ட விரும்புவோர் அப்படி எழுதார். இரண்டாவது, தேவை நேர்ந்தபோது அவர் அதை வெளியிடவில்லை. தீர்ந்த பின்னரே சாட்சியாகச் சொன்னார். மனிதர் கையால் வந்தமையால் அது கடவுள் கொடுத்ததன்று என்று வாதிப்போமாயின், மழைநீர் மடை வழியாக வந்தமையால் அது வானம் கொடுத்ததன்று என்றும் வாதிக்க வேண்டிவரும்.

கேட்டும் பெறாதவை

இதுவரை கூறியது சரித்திரத்தின் ஒரு பாதியே. இத்துடன் நிறுத்துவோமானால், நம்பினோர்க்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்னும் தவறான எண்ணம் வாசகர் மனத்திற் படியும். நோயுற்ற பிள்ளைக்காக இரவெல்லாம் முழங்காற்படியிட்டும் அப்பிள்ளையை அடக்கம் செய்த பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய நம்பிக்கை குறைவுபட்டதோ என்று அயலார் பேசுவதும் உண்டு. அன்னோர்க்காகவே மற்றப் பாதியை எழுதுகின்றோம்.

1905ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் இந்திரநீலா என்னும் பச்சிளங்குழந்தை தோனாவூரில் மரித்தது. அதற்காகச் செய்யாத மன்றாட்டு இல்லை. நெய்யூரில் பொன்னம்மாள் பொறுப்பில் வைத்திருந்த குழந்தைகளுள்ளும் பலர் கொள்ளைநோயில் மாண்டனர். தோனாவூரில் கல்லறைத்தோட்டம் ஏற்பட்டது. அதற்குக் கடவுளின் தோட்டம் என்று பெயரிட்டனர். 1912இல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்தில் திடீரென்று காலமானார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் நெடுநாள் வருந்தி மரித்தார். அம்மையாரின் வலக்கையும் இடக்கையும் போயின.

பின்னர் 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24ஆம் நாள். அன்று காலை, தம்மை ஊழியத்துக்கு அதிகத் தகுதியாக்கும் எதையேனும் செய்தருளும்படி அம்மையார் வேண்டிக்கொண்டார். மாலையில் களக்காட்டுக்குச் சென்றார். அங்கே வைத்தியசாலைக்காக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடும்போது, அந்தி மயக்கத்தில், இருக்கக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகிற்று. சில வாரங்களில் நடமாடுவார் என்று எண்ணினர். அவர் மீண்டும் முன்போல் நடமாடவேயில்லை. ஒரு பெரிய குடும்பமே அவர் சுகத்துக்காக ஜெபித்தது. வேதனை நீங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அறையே அவர்க்கு உலகமாயிற்று.

வாக்குத்தத்தம் பொய்த்ததோ? 500 பவுனைக் கேட்டபோது கொடுத்தவர், கால்களைக் கேட்டபோது ஏன் கொடாமற் போனார்? அம்மையார் இக்கேள்விக்கு விடை கண்டதாகப் பாசாங்கு செய்யவில்லை. ஆனால், கடவுள் அளித்த வாக்கு இன்னது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். துன்பம் வாராது என்று அவர் வாக்களிக்கவில்லை; துன்பத்திலே கைவிடேன் என்றே வாக்களித்தார். கூறாத வாக்கை அவர்மேற் சுமத்தி, அது நிறைவேறவில்லை என்று அவரைக் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தமையால், பணம் வந்த நாளில் இருந்த அதே நம்பிக்கை சுகம் வாராத நாளிலும் அவரிடம் நின்றது.

நின்றது என்பதற்கு வேலையே சாட்சி. படுக்கையிலிருந்தே நூல்களை எழுதினார். நோயாளிகளுக்கென்று எழுதப்படும் ஆறுதல் நூல்கள் பெரும்பாலும் சுகமுள்ளோரால் எழுதப்படுகின்றன என்றும், அவை படுக்கையிலிருப்பவர் உள்ளத்தில் ஏறுவதில்லை என்றும் கண்டு, நோயாளியே நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக 1933இல் ஒரு நூலை வெளியிட்டார். தோனாவூரைக் காணாத எத்தனையோ பிணியாளர் வீடுகளுக்கு அது சென்றது. அவர் காலால் நடந்து சென்றிருக்கக்கூடிய தூரம் அதுவன்று. காலையில் கேட்ட வரம் மாலையில் விழுந்த குழியின் வழியாகவே வந்ததோ என்று நாம் எண்ணுவதற்கு இடமுண்டு. எனினும் அவ்வாறு எண்ணி வேதனையைச் சிறிதாக்கிவிடலாகாது.

1948 ஜூனில் அறையிலேயே மறுபடியும் விழுந்து கையையும் இடுப்பையும் முறித்துக்கொண்டார். 1949 பிப்ரவரியில், தமக்குப்பின் பாரத்தைச் சுமப்பார் என்று எண்ணியிருந்த காட்ஃப்ரே வெப் பெப்ளோ ஐயர் அவர்க்கு முன்னரே மரித்தார். 1951ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18ஆம் நாள், 83ஆம் வயதில், அம்மையார் தோனாவூரில் உயிர்நீத்தார். தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாது என்று சொல்லியிருந்தமையால், குழந்தைகள் கடவுளின் தோட்டத்திலே, மரநிழலிலே, பறவைகள் நீராடும் ஒரு கற்றொட்டியை வைத்து, அதில் அம்மை என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர். 1919இல் அரசாங்கம் அளித்த கெய்சர்-இ-ஹிந்து பதக்கத்தைப் பெறக்கூட அவர் மனமுவந்து செல்லவில்லை. இவ்வொரு சொல்லே அவர்க்குப் போதிய பட்டம்.

முடிவுரை

அன்பர்களே, இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கவை சில. நம்பிக்கை சோம்பலன்று, தோனாவூரில் ஜெபித்தவர்களே கணக்கும் எழுதினர், பாலும் காய்ச்சினர், இரவில் குழந்தைகளுக்காக விழித்தும் இருந்தனர். நம்பிக்கை பேரமும் அன்று. இன்னதைத் தந்தால் இன்னமட்டும் நம்புவேன் என்பது வாணிபம். வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொள்வோர் முதலில் அது யாது என்று நிதானமாய் வாசித்தறியவேண்டும். பின்னர் அதற்குமேல் ஒன்றும் கூட்டாமலும், அதில் ஒன்றும் குறைக்காமலும் அதன்மேல் நிற்கவேண்டும்.

அம்மையார் நட்ட ஐக்கியம் அவருக்குப்பின் அழியவில்லை. இன்று அது இந்நாட்டவர் பொறுப்பிலேயே நடந்துவருகின்றது. நாங்குநேரியிலிருந்து மேற்கே நோக்குவோர்க்கு மலை தெரியும். கோடையில் அதன் முகடு வறண்டு தோன்றினும், பச்சையாறும் நம்பியாறும் பிறப்பது அங்கேதான். குளம் வற்றிய நாளில் மலையை நோக்கி மனந்தேறும் உழவரைப்போல, கேட்டது கிடையாத நாளிலும் வாக்களித்தவரை நோக்கி மனந்தேறும் திடம் நம் இல்லங்களில், விசேஷமாய்ப் பிணியாலும் பிரிவாலும் வருந்தும் இல்லங்களில், பெருகுவதாக.